மணிக்கூண்டு விஸ்கியில் ஓமம்

அதை இப்படிக் கொடுங்கள். விசிறிக்கொள்ள வேறு காகிதமா கிடைக்கவில்லை? கோபமில்லை, உட்காருங்கள். வேலூருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, ஜன்னலைத் தள்ளினால் காற்று தானாக வரும். இந்தக் காகிதம் எனக்கு வேண்டும். இதைக் காட்டித்தான் இன்றைக்கு அச்சகத்துக்காரனை நாலு கேள்வி கேட்கப் போகிறேன்.

மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். "சிக்கன விஸ்கிகள்: ஒரு மதிப்பீடு." அதன் கீழே என்ன போட்டிருக்கிறது? "எழுதியவர்: திருமதி சுபேதார் ஏகாம்பரம்." இது ஒரு பெயரா, சொல்லுங்கள். சுபேதார் என்பது பட்டாளத்துப் பதவி. ஏகாம்பரம் என் வீட்டுக்காரர். இரண்டையும் கழித்தால் மிஞ்சுகிற 'திருமதி' மட்டும்தான் நான். என் பெயர் மனோரஞ்சிதம். அந்தப் பெயரை அச்சில் பார்ப்பதற்காக ஊர் முன்னால் நான் எதையெல்லாம் ஒப்புக்கொண்டேன் தெரியுமா?

ஆமாம், விஸ்கிதான். மெதுவாகக் கேளுங்கள், முன் ஸீட்டுக்காரரின் காது இங்கேதான் இருக்கிறது. நான் குடிக்கிறவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ருசி பார்ப்பேன். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற டீச்சர் பரீட்சை எழுதுகிறாளா என்ன?

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் உண்டு. ரிட்டயர் ஆகி வந்தால் கேன்டீன் கார்டு, மாதாமாதம் பாட்டில் கோட்டா. என் வீட்டுக்காரர் ஒன்பது வருஷமாகத் தொடுவதில்லை. தொடுவதில்லை என்றால் நான் தொட விடவில்லை. வள்ளிமலைக்கு இழுத்துக்கொண்டு போய், கற்பூரத்தைக் கையால் அணைக்க வைத்துச் சத்தியம் வாங்கினேன். ஆனால் கோட்டாவை விடச் சொன்னால் மட்டும் மனிதர் கேட்கமாட்டார். "நாடு குடுக்கறத வேணாம்னு சொல்லக் கூடாது ரஞ்சிதம்" என்பார். சரி, வாங்கின பாட்டில் எங்கே போகும்? தச்சருக்கு ஒன்று, மோட்டார் ரிப்பேர்க்காரருக்கு ஒன்று, என் அண்ணனுக்கு ஒன்று. கூலி தனி. இது மரியாதை.

அந்த மரியாதையில்தான் வம்பு வந்தது. தச்சர் கன்னியப்பனுக்கு ஒரு பாட்டில் கொடுத்தார். மறுநாள் அவன் தக்காளி மாதிரி கண்ணோடு வந்து எங்கள் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்துவிட்டுப் போனான். மூன்று நாள், நான் குளிக்கிற நேரமெல்லாம் சுபேதார் வாசலில் சென்ட்ரி டியூட்டி. கன்னியப்பனைக் கூப்பிட்டுப் பிடிபிடி என்று பிடித்தேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"அந்தச் சரக்கு மண்டையப் பொளக்குதும்மா. குடுக்கறவங்க ஒரு தபா மோந்தாவது பாத்துக் குடுக்கக் கூடாதா?"

நியாயம்தானே? பிறத்தியாருக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தால்கூட நாக்கில் வைத்துப் பார்த்துத்தானே கொடுக்கிறோம். அதற்குத்தான் ஆரம்பித்தேன். வேறு எதற்கும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அவர் பட்டாளத்துக்காரர்கள் மன்றத்துக்குப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். ரசம் இறக்கியிருப்பேன். ஒரு பிடி பொரியை வாயில் போட்டு மென்று, வாயைக் கொப்பளித்து, நாக்கைச் சுத்தம் செய்துகொண்டு உட்காருவேன். எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். அளந்து குடிக்க, அதாவது அளந்து ருசி பார்க்க, ஓம வாட்டர் பாட்டிலோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி வருமே, கோடு போட்டது, அது. ஐந்து மில்லி. மேலே இரண்டு சொட்டு தண்ணீர். ஒரு நோட்டுப் புத்தகம்.

எங்கள் கான்வென்ட் பள்ளிக்கூடத்து சிஸ்டர் எவாரிஸ்டா ரிப்போர்ட் கார்டு எழுதினால் அப்பாவின் கையெழுத்துக்கு முன்னால் நாங்கள் அழுது முடித்திருப்போம். அதே மாதிரிதான் எழுதினேன். வாசனை, நடத்தை, விருந்தாளி முன்னால் அடக்கம், மறுநாள் காலை. அந்தக் கடைசிப் பாடத்துக்கு மட்டும் கன்னியப்பனிடம் விசாரித்து மார்க் போடுவேன். பிராண்டு பெயர் சொல்ல மாட்டேன், நாலு பேர் இருக்கிற பஸ் இது. எங்கள் ஊரில் லேபிளில் இருக்கிற படத்தை வைத்துத்தான் சொல்வோம்.

கழுகுப் படம்: "வாசலில் சென்ட் பூசிக்கொண்டு நிற்கும். உள்ளே கூப்பிட்டால் வாயாடி. முப்பத்தெட்டு. பாஸ் போட மனம் வரவில்லை." அதற்கே இன்னொரு ரிமார்க்: "இதைக் குடித்தவள் மறுநாள் புடவை கட்டினால் கொசுவம் நேராக வராது." மணிக்கூண்டுப் படம், அதுதான் என் முதல் ராங்க்: "பிரின்சிபால் அறைக்குள் நுழைகிற பிள்ளை மாதிரி அடக்கமாக நுழைகிறது. நடுவில் காய்ச்சின வெல்லம். கடைசியில், நாக்கின் பின்பக்கம், ஓமம். எண்பத்தொன்று." விலையும் அதிகமில்லை. விலை கூடினதற்கெல்லாம் மார்க்கைக் கூட்டிப் போட நான் என்ன காசு வாங்கி டியூஷனா எடுக்கிறேன்?

ஒரு தடவையில் நியாயம் தெரியாது. பொதுத் தேர்வுக்கே மறுமதிப்பீடு இருக்கிறதே. அதனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை. மணிக்கூண்டுக்கு மட்டும் சந்தேகம் தீராமல் நாலைந்து தடவை ஆகும்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. பாவம். "என்னமோ ரஞ்சிதம், செவ்வாக்கெழம ஆனா உன் வத்தக்குழம்பு தனி ருசி. பாட்டு வேற பாடற" என்பார். வெள்ளை மனசு.

இப்படி இரண்டு வருஷம். நோட்டின் முன்பக்கம் விஸ்கி, பின்பக்கத்திலிருந்து பலகாரம். அந்தச் சிக்கனம்தான் என்னைக் கவிழ்த்தது. ஒரு நாள் பக்கத்துத் தெரு கேப்டன் வீட்டம்மா வந்தாள். "அக்கா, உங்க மைசூர்பாக்கு பதம் எழுதிக்கறேன், நோட்டு குடுங்க" என்றாள். கொடுத்துவிட்டேன். மைசூர்பாக்கு என்று யாராவது பாராட்டினால் எனக்கு முன்பக்கம் பின்பக்கம் மறந்து போகும். ஒன்பது நாள் கழித்து நெய்க்கறையோடு திரும்பி வந்தது.

அந்தக் கேப்டனை உங்களுக்குத் தெரியாது. ஆனரரி கேப்டன் கோதண்டபாணி. ரிட்டயர் ஆகிற நேரத்தில் மரியாதைக்குக் கொடுக்கிற பட்டம் அது. இவர் என்னவோ பிறந்தபோதே தோளில் நட்சத்திரத்தோடு பிறந்த மாதிரி நடப்பார். எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். மாதாமாதம் வருகிற இந்த 'மன்ற மடல்' அவருடைய கையில்தான்.

அடுத்த மாத மடலைப் பிரிக்கிறேன். "சிக்கன விஸ்கிகள்: ஒரு மதிப்பீடு. ஆனரரி கேப்டன் கோதண்டபாணி." பிரின்சிபால் அறை இருக்கிறது. காய்ச்சின வெல்லம் இருக்கிறது. முப்பத்தெட்டு மார்க் இருக்கிறது. கொசுவம் இருக்கிறது! அந்த மனிதர் என்றைக்குப் புடவை கட்டினார், என்றைக்குக் கொசுவம் வைத்தார்? படித்த ஒரு ஆம்பிளையாவது கேட்டானா? "கேப்டன் என்னமா எழுதறார்" என்று வாயைப் பிளந்தார்கள்.

மூன்று மாதம், மூன்று கட்டுரை. கறிகாய் வாங்கப் போனால் டீக்கடையில் அதே பேச்சு.

"இந்த லாட்டு மணிக்கூண்டுல ஓமம் கொஞ்சம் தூக்கல்பா."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"பட்டிக்காட்டான் மாதிரி மடக்குனு முழுங்கினா? நாக்கோட பின்பக்கம் நிறுத்துடா."

"...ஆமாண்டா! ஓமம்!"

எனக்கு வயிறு எரியும். அதே வயிற்றில் ஒரு பக்கம் குளிர்ச்சியாகவும் இருக்கும். ஊரே என் நாக்கால் பேசுகிறதே! ஆனால் என்னுடையது என்று எப்படிச் சொல்வேன்? புருஷனைக் கற்பூரம் அணைக்க வைத்தவள் நான். என்னைப் பார்த்து ஏழு பெண்கள் அவரவர் புருஷனை வள்ளிமலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள், ஏழு பேருக்கும் நான்தான் பஸ் நம்பர் சொல்லிக் கொடுத்தேன். அந்த வாயைத் திறந்து மணிக்கூண்டு என் முதல் ராங்க் என்று சொன்னால்? ஏழு பெண்கள் போகட்டும். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? வாயை மூடிக்கொண்டு எரிந்தேன்.

அப்புறம் ஜனவரி விருந்து வந்தது. மன்றத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு மத்தியானச் சாப்பாடு. முன்னால் ஆம்பிளைகளுக்கு மேஜை, பின்னால் எங்களுக்கு நாற்காலி. இந்த வருஷம் கேப்டனுக்குப் பவிசு ஏறிவிட்டதா, ஒரு பந்தயம் வைத்தார். ஐந்து வகை விஸ்கி வாங்கி, ஐந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அடியில் நம்பர் சீட்டு ஒட்டி வைப்பது. இவர் மோந்து பார்த்தே எது எது என்று சொல்லிவிடுவாராம். பாட்டில் வாங்கி வந்தது ஹவில்தார் முனிரத்தினம். இருபத்துநாலு வருஷ சர்வீஸ். கடையில் பாக்கிச் சில்லறை கூட வந்துவிட்டால் அடுத்த ஊர் வரைக்கும் நடந்து போய்த் திருப்பிக் கொடுக்கிற ஜாதி.

கேப்டன் மீசையைத் தடவிக்கொண்டு முதல் டம்ளரை எடுத்தார். மோந்தார். நெற்றி சுருங்கியது. நாக்கில் வைத்தார். நாக்கின் பின்பக்கத்துக்குத் தள்ளினார், கன்னம் ஆடியது. இரண்டாவது. மூன்றாவது. ஐந்தையும் முடித்துவிட்டு மேஜையை ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"ஒண்ணுல கூட ஓமம் இல்ல! மணிக்கூண்டுன்னு ஒண்ணு இருக்கணுமே, எங்க? இது அசல் சரக்கே கெடையாது. பாட்டில மாத்தியிருக்கான்!"

உடனே டம்ளர் கை மாறுகிறது. மோந்தவன் எல்லாம் தலையாட்டுகிறான். "ஆமா சார், சுத்தமா ஓமமே இல்ல." "டூப்ளிகேட் சார்." மூன்று மாதமாக இருந்த ஓமம் எங்கே போனது என்று எல்லோருக்கும் கோபம்.

முனிரத்தினம் எழுந்து நின்றார். "சார், சீல் ஒடைக்காம கொண்டாந்தேன் சார். உங்க எதிர்லதானே சார் தெறந்தேன்..." வாய் குழறுகிறது. உண்மையான மனிதனுக்கு இந்த மாதிரி நேரத்தில் வாய் வராது, பார்த்திருக்கிறீர்களா? எனக்குப் பக்கத்தில் ஹவில்தார் வீட்டுப் பெண், முந்தானையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டாள். "கார்டையே ரத்து பண்ணச் சொல்லி எழுதறேன்" என்கிறார் கேப்டன்.

நான் கையை நீட்டி, கை மாறி எங்கள் பக்கத்து மேஜை ஓரத்துக்கு வந்திருந்த டம்ளரை எடுத்து மோந்தேன். யாரும் கவனிக்கவில்லை. மணிக்கூண்டேதான். சத்தியமாகச் சொல்கிறேன், அடக்கம் இருக்கிறது, வெல்லம் இருக்கிறது. ஓமம் மட்டும் இல்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் அதைக் கண்ணாடி டம்ளரில் மோந்து பார்க்கிறேன். அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. மூடி! அந்த பிளாஸ்டிக் மூடி! ஓம வாட்டர் மூடியில் எத்தனை தடவை சோப்பு போட்டாலும் அந்த வாசனை போகுமா? இரண்டு வருஷமாக எல்லா விஸ்கிக்கும் நானே ஓமம் போட்டு, நானே கண்டுபிடித்து, நானே மார்க்கும் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் ஓமத்தை அமுக்கிவிட்டது, மணிக்கூண்டு சாது, அதனால் அதில் தெரிந்தது.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இந்த உலகத்தில் ஒரே ஒரு வாய்க்குத்தான் அந்த ஓமம் தெரிந்திருக்க முடியும். மற்றவர்கள் சுவைத்ததெல்லாம் படித்த ஓமம். எழுதினது நான்தான் என்று சொல்ல என் கையில் வேறு சாட்சியே கிடையாது, என் தப்புதான் சாட்சி. அதை எடுத்துக் காட்டினால் நான் விஸ்கி ருசி பார்க்கிறவள் என்பதும் தெரியும், தப்பாக ருசி பார்க்கிறவள் என்பதும் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் மரியாதை மிஞ்சும், முனிரத்தினம் திருடனாவார்.

அப்படியும் கொஞ்சம் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் எழுந்துவிட்டேன். "அவரை விடுங்க. ஓமம் சரக்குல இல்ல. என் மூடில இருந்துது."

நூறு பேர் திரும்பினார்கள். கேப்டன் கையைக் காட்டி, "நீங்க உக்காருங்கம்மா. இது ஆம்பளைங்க விஷயம்" என்றார்.

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டு வார்த்தையோடு உட்கார்ந்திருப்பேன். "அப்படீங்களா? பாலம் படம் போட்ட விஸ்கியைப் பத்தி அடுத்த மாசம் என்ன எழுதப் போறீங்கன்னு நான் சொல்லட்டுமா? 'கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் பின் பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறது. ஐம்பத்திரண்டு.' உங்க மேஜைல எழுதி வெச்சிருக்கீங்களே, இல்லேன்னு சொல்லுங்க!"

மனிதர் முகம் வெளுத்துவிட்டது. "இது... இது என் சொந்த அனுபவம்" என்றார்.

அப்போது எங்கள் வரிசையிலிருந்து ஒரு குரல். கேப்டன் வீட்டம்மா! அதுவரை அவள் சபையில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. எழுந்து நின்று புருஷனைப் பார்த்துச் சொல்கிறாள்: "சொந்தமெல்லாம் இல்ல. அக்காவோட மைசூர்பாக்கு நோட்டுலேர்ந்து எடுத்தது. நீங்க சொன்னீங்கன்னு நான்தான் காப்பி பண்ணிக் குடுத்தேன். அந்தக் கொசுவத்தயாவது எடுத்துடுங்கன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டீங்களா?"

அவ்வளவுதான். முதலில் சிரித்தது யார் தெரியுமா? முனிரத்தினம். அப்புறம் கூரையே போய்விட்டது. கேப்டன் அவருடைய சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து என்னிடம் வருகிறார். கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "உக்காரு ரஞ்சிதம். பட்டாளத்துல ஸ்டோர்ல இருபத்தாறு வருஷம் இருந்தவன் நான். பாட்டில்ல எவ்ளோ கொறயுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவ. அப்பறம் வத்தக்குழம்புக்கு எங்க போறது?"

மனிதர்களை நம்பவே கூடாது.

அதற்குள் ஒரு கிழவர் மேஜையிலிருந்து குரல் கொடுத்தார்: "அது இருக்கட்டும்மா, ஓமம் இல்லேன்னா அஞ்சுல எதுதான் நல்லது?" பாருங்கள் மனிதருக்குக் கவலையை! நாற்காலி போட்டார்கள். கண்ணாடி டம்ளரில், முறையாக, பொரி வரவழைத்து, ஐந்தையும் பார்த்தேன். மூன்றைச் சரியாகச் சொன்னேன். மற்ற இரண்டும் நான் சொன்னது சரிதான், நம்பர் சீட்டைத்தான் மாற்றி ஒட்டியிருந்தார்கள். முனிரத்தினம் தங்கமான மனிதர், ஆனால் சீட்டு ஒட்டத் தெரியாது. அந்த ஏழு பெண்களா? ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, மணிக்கூண்டு எப்படியிருக்கும் என்று விசாரித்தார்கள்.

மன்றத்தில் கூடிப் பேசி, இனிமேல் அந்தப் பகுதியை நான்தான் எழுத வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். எழுதினேன். ஓமத்தைத் திருத்தி, எல்லா மார்க்கையும் மறுபடி போட்டு, ராவும் பகலும் யோசித்து எழுதினேன். நேற்று மடல் வந்தது. வந்தால் இந்தப் பெயர்! காலையிலிருந்து தெருவில் போகிறவன் எல்லாம் எங்கள் வாசலில் நின்று அவருக்குக் கை கொடுக்கிறான். "பிரமாதமா வந்திருக்கு சார் கட்டுரை." இவரும் வெட்கமில்லாமல், "தேங்க்ஸ், தேங்க்ஸ்" என்கிறார். கற்பூரம் அணைத்த மனிதர்!

அச்சகத்துக்காரனுக்குப் போன் போட்டேன். "மேடம், உங்க பேரு போட்டா யாருன்னு தெரியாது, சார் பேரு போட்டாத்தான் ஆளு தெரியும்" என்கிறான். எப்படி இருக்கிறது? ஒரு பொம்பளைக்குத் தனியாக ஒரு பெயர் இருக்கும் என்பதே இந்த ஜனங்களுக்கு ஞாபகம் வருவதில்லை. இன்றைக்கு நேரில் போய் நின்று, அடுத்த இதழில் கொட்டை எழுத்தில் மனோரஞ்சிதம் என்று போட வைத்துவிட்டுத்தான் திரும்புவேன். கீழே இன்னொரு வரியும் போடச் சொல்லப் போகிறேன். அன்றைக்குக் கேப்டன் வீட்டம்மா எழுந்திருக்காவிட்டால் என் பேச்சை யார் நம்பியிருப்பார்கள்? நூறு பேர் எதிரில் புருஷனை மறுத்துப் பேசுவது லேசா? செய்த உதவிக்கு நன்றி சொல்லத் தெரிந்தவள் நான். 'நன்றி: கேப்டன் வீட்டம்மா' என்று போடச் சொல்லி எழுதியே வைத்திருக்கிறேன், பாருங்கள்.

என்ன கேட்டீர்கள்?

அவள் பெயரா?

அது... கேப்டன் வீட்டம்மா என்றுதான் எல்லோரும்... இருங்கள், என்னமோ ஒரு நல்ல பெயர். பதினெட்டு வருஷமாகப் பக்கத்துத் தெரு, தெரியாமல் இருக்குமா? அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்கூட... அதில் கேப்டன் பெயர்தான் இருந்தது. போனில் பார்த்தால் தெரிந்துவிடும். இதோ. 'கேப்டன் ஒய்ஃப்.' இதற்கு என்ன சிரிப்பு உங்களுக்கு? அவசரத்தில் போட்டு வைத்தது. இதற்காக மண்டையை உடைத்துக்கொள்வானேன், அவளையே கேட்டுவிட்டால் போகிறது. ஒரு நிமிஷம், ரிங் போகிறது.

ஹலோ? ஹலோ, கேக்குதா? பஸ்ல இருக்கேன், சத்தமா பேசுங்க. யாரா? அட, நான்தாங்க. சுபேதார் வீட்டம்மா பேசறேன்.